சேவைத்தர ஒப்பந்தத்தை அளந்தவர்கள்

சேவைத்தர ஒப்பந்தம் என்பது, ஒரு சேவை எந்தத் தரத்தில் இருக்கும் என்பதை வழங்குபவர் எண்களில் ஒப்புக்கொள்ளும் ஆவணம். எத்தனை நொடிக்குள் பதில் வரும், மாதத்தில் எத்தனை நிமிடம் வரை சேவை முடங்கலாம், தவறினால் எவ்வளவு பணம் கழியும் என்பவை அதில் இருக்கும். கணினித் துறையில் எல்லோரும் எஸ்எல்ஏ என்றே சொல்கிறார்கள். இப்படி ஓர் ஒப்பந்தம் காகிதத்தை விட்டு நடைமுறைக்கு வர இரண்டு வேலைகள் நடந்தாக வேண்டும். ‘நல்ல சேவை’ என்ற பொதுச்சொல்லை, கருவியால் எண்ணக்கூடிய வரையறையாக மாற்ற வேண்டும்; இது மாதிரியாக்கம். அந்த வரையறைப்படி சேவை நடக்கிறதா என்று இடைவிடாமல் பார்க்க வேண்டும், இது கண்காணிப்பு. இரண்டையும் மனிதர் கையிலிருந்து கருவியின் பொறுப்புக்கு மாற்றும் முயற்சிக்கு 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. கண்காணிப்பு எளிதாகக் கைமாறியது. எதை அளப்பது, யார் அளப்பது என்ற சச்சரவுதான் ஒவ்வொரு கட்டத்திலும் புது வேடத்தில் திரும்பி வந்தது.

பழைய உதாரணங்களில் துலக்கமானது இங்கிலாந்தின் தபால் கோச்சு வண்டி. பாத் நகரில் நாடக அரங்கு நடத்திவந்த ஜான் பாமர், குதிரைமேல் தனியாகப் பையைச் சுமந்து செல்லும் பையன்களை நம்புவதைவிட, காவலாளோடு விரையும் கோச்சு வண்டிகளில் தபாலை அனுப்புவது நல்லது என்று அரசிடம் வாதாடினார். 1784 ஆகஸ்ட் 2 அன்று மாலை பிரிஸ்டலில் புறப்பட்ட சோதனை வண்டி சுமார் 16 மணி நேரத்தில், மறுநாள் காலை லண்டன் போய்ச் சேர்ந்தது. சில ஆண்டுகளில் இந்த ஏற்பாடு நாடெங்கும் பரவியது. குதிரைகளும் வண்டியோட்டியும் ஒப்பந்தக்காரர்களுடையவை. அவர்களில் பலர் வழியிலிருந்த சத்திரங்களை நடத்தியவர்கள். பின்புறம் அமர்ந்த காவலாளான கார்டு மட்டும் தபால் துறையிடம் சம்பளம் வாங்கியவர்.

கார்டிடம் துப்பாக்கியும் ஊதுகொம்பும் இருந்தன. அவற்றைவிட இந்த வரலாற்றுக்கு வேண்டியது பூட்டிய உறைக்குள் அவர் கொண்டுபோன கடிகாரம். அதில் மணி பார்க்கலாம். முள்ளைத் திருப்ப வழியில்லை. வண்டி ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் வந்த நேரம் ‘டைம் பில்’ என்ற தாளில் ஏறியது. பிரிஸ்டல் மணி லண்டன் மணியைவிடச் சுமார் 10 நிமிடம் பிந்தியிருந்த காலம் அது. நாடு முழுக்க ஒரே நேரம் என்ற வழக்கம் ரயிலுக்குப் பிறகுதான் வந்தது. ஆகவே வண்டி போகும் திசைக்கு ஏற்ப, கடிகாரத்தையே சற்று வேகமாகவோ மெதுவாகவோ ஓடும்படி திருத்தி அனுப்பினார்கள். இன்றைய கண்காணிப்பு மென்பொருள் எழுதுபவர் கவலைப்படும் மூன்று சங்கதிகளும் இதில் இருக்கின்றன: அளப்பவர் சேவை தருபவரின் ஆள் அல்ல, பதிவைத் தொட்டு மாற்ற முடியாது, இரு முனைகளின் கடிகார வேறுபாட்டுக்கும் முன்கூட்டியே கணக்கு உண்டு.

நீராவிக் கப்பல்களிலும் இதே முறை தொடர்ந்தது. சாமுவேல் கியூனார்ட் 1839இல் பிரிட்டிஷ் அரசோடு அட்லாண்டிக் தபால் ஒப்பந்தம் செய்தார்; 1840 ஜூலை 4 அன்று ‘பிரிட்டானியா’ லிவர்பூலிலிருந்து புறப்பட்டது. பி அண்ட் ஓ கம்பெனியின் ‘இந்துஸ்தான்’ கப்பல் 1842இல் சவுத்தாம்ப்டனிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து, சென்னை, இலங்கையின் காலி துறைமுகங்கள் வழியாகச் சூயஸுக்குத் தபால் கொண்டுசெல்லும் வேலையைத் தொடங்கியது. இத்தகைய ஒப்பந்தங்களில் தாமதத்துக்கு அபராதம் உண்டு. தபாலுக்குப் பொறுப்பாக கடற்படைத் தலைமையான அட்மிரால்டியின் முகவரான ஒரு கடற்படை அதிகாரி கப்பலிலேயே பயணம் செய்தார். கம்பெனியின் கப்பலில் அரசின் கண்.

தொலைபேசி வந்ததும் நிலைமை மாறியது. வண்டி வந்ததா இல்லையா என்பதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் பேச முயலும்போது எத்தனை பேருக்கு இணைப்பு கிடைக்காமல் போகும் என்பதைக் கண்ணால் பார்த்து யாரும் சொல்ல முடியாது. தொடக்கத்தில் இணைப்பகப் பெண்கள் ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு முளையை நகர்த்தி எண்ணிக்கை வைத்தார்கள். மேற்பார்வையாளர்கள் மாதிரிக்குச் சில அழைப்புகளைக் கேட்டு, பதில் சொல்ல எத்தனை நொடி ஆனது என்று குறித்தார்கள். ஆனால் எண்ணிக்கை மட்டும் கையில் இருந்தால், நடந்ததைச் சொல்லலாமே தவிர அடுத்த மாதத்துக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

அந்த இடத்தை நிரப்பியவர் கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பெனியில் 1908இல் சேர்ந்த கணிதர் ஆக்னர் கிராருப் எர்லாங். அழைப்புகள் தற்செயலாக வருவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று 1909இல் காட்டினார். 1917இல் அவர் வெளியிட்ட சூத்திரம், இத்தனை கம்பித் தடங்கள் இருந்தால் இத்தனை அழைப்பு திரும்பிப்போகும் என்று நேரடியாகச் சொன்னது. நெரிசல் மணியில் 3 நிமிட அழைப்புகள் 200 வருவதாக வைத்துக்கொண்டால், மொத்தம் 600 நிமிடப் பேச்சு. ஒரு மணி நேரத்தில் சராசரியாக 10 தடங்கள் நிறைந்திருக்கும். இந்த அளவுக்கு 10 எர்லாங் என்று பெயர். 100இல் ஓர் அழைப்புக்கு மேல் தவறக் கூடாது என்றால் 18 தடங்கள் வேண்டும். நெரிசல் 10 மடங்காகி 100 எர்லாங் ஆனால் 180 தடங்கள் தேவையில்லை, 117 போதும். பெரிய இணைப்பகம் சிறியதைவிடச் சிக்கனமாக இயங்குவதன் காரணம் இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

‘நெரிசல் மணியில் நூற்றுக்கு ஒன்று’ என்பது உலகத் தொலைபேசித் துறையின் வழக்கமான இலக்குகளில் ஒன்றாயிற்று. 1946இல் அத்துறையின் சர்வதேச அமைப்பு எர்லாங்கின் பெயரையே அளவுக்குச் சூட்டியது. சேவைத்தரத்தை மாதிரியாக்கிய முதல் வெற்றி இதுதான் என்று சொல்லத் தகும். பின்னால் கணினித் துறை உருவாக்கிய பல முறைகளைவிட இது தெளிவானது, ஏனென்றால் வாக்குறுதியோடு கூடவே அதை நிறைவேற்றத் தேவையான செலவையும் அதே சூத்திரம் சொல்லிவிடுகிறது. அமெரிக்காவின் பெல் நிறுவனம் 1965இல் நியூ ஜெர்சியின் சுக்காசன்னாவில் முதல் பெரிய மின்னணு இணைப்பகத்தை நிறுவியபோது வைத்த இலக்கு, 40 ஆண்டுகளில் 2 மணி நேரத்துக்கு மேல் முடங்கக் கூடாது என்பது. ஆண்டுக்கு 3 நிமிடம். இன்று விளம்பரங்களில் வரும் ‘ஐந்து ஒன்பது’, அதாவது 99.999 சதவீதம், ஆண்டுக்கு 5 நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட முடக்கத்தை அனுமதிக்கிறது. பழைய இலக்கைவிட இளகியது.

பெருங்கணினிகளின் காலத்தில் ஒப்பந்தம் ஒரே நிறுவனத்தின் இரு துறைகளுக்கு நடுவில் இருந்தது. கணினி மையம் ஒருபுறம். சம்பளப் பட்டியலையும் கணக்கையும் கேட்டு நிற்கும் துறைகள் மறுபுறம். எந்த வேலை எவ்வளவு நேரம் ஓடியது என்பதை ஐபிஎம் இயங்குதளங்கள் தாமாகவே பதிவுசெய்தன. பதிவைத் திரட்டி அறிக்கை ஆக்குவது மனிதர் வேலை. 1994இல் ஐபிஎம் தன் எம்விஎஸ் இயங்குதளத்தில் சேர்த்த ‘வொர்க்லோட் மேனேஜர்’ இதைத் தலைகீழாக்கியது. அதற்கு முன்பு நிர்வாகி எந்த வேலைக்கு எவ்வளவு முன்னுரிமை என்று எண்களைத் திருகிக்கொண்டிருப்பார். இப்போது அவர் இலக்கைச் சொன்னால் போதும்: இந்த வகைப் பரிமாற்றங்களில் 90 சதவீதம் அரை நொடிக்குள் முடிய வேண்டும், இதன் முக்கியத்துவம் 2. இயங்குதளமே அளந்து, இலக்கு தவறும் வேலைக்கு மற்றவற்றிடமிருந்து வளங்களை எடுத்துக் கொடுத்தது. ஒப்பந்தத்தின் வாசகமே இயந்திரத்துக்கு உத்தரவாக மாறிய தருணம் இது. பெருங்கணினி உலகத்துக்கு வெளியே இதை அதிகம் பேர் கவனிக்காமல் போனது வருந்தத்தக்கது. பத்து ஆண்டுகள் கழித்து ஆய்வாளர்கள் புதிதாகத் தேடிய பலவும் இதில் இருந்தன. ஒரே எஜமானின் ஒரே இயந்திரம் என்பதால்தான் இது இவ்வளவு சுலபமாயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1989இல் கோடாக் நிறுவனம் தன் கணினி மையங்களை ஐபிஎம்மிடம் ஒப்படைத்தது. பெரிய நிறுவனங்கள் கணினி வேலையை வெளியே கொடுப்பதில் இருந்த தயக்கம் அதோடு உடைந்தது. துறைகளுக்கு நடுவில் இருந்த பேச்சு, வக்கீல்கள் எழுதும் ஆவணமாயிற்று. அதே ஆண்டுகளில் பிரிட்டிஷ் அரசின் கணினி முகமை வெளியிடத் தொடங்கிய ஐடிஐஎல் கையேடுகள் சேவைத்தர மேலாண்மையைத் தனிப் பணியாக வகுத்தன. 2000த்துக்குப் பிறகு, அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களின் சர்வர்களைச் சென்னை, பெங்களூரு அலுவலகங்களில் இரவுப் பணியாளர்கள் கண்காணிக்கும் தொழில் இந்த ஆவணங்களின் மேல்தான் வளர்ந்தது. டிக்கெட், அதாவது புகார்ப் பதிவு, வந்த நொடியிலிருந்து எஸ்எல்ஏ கடிகாரம் ஓடும். வாடிக்கையாளரின் பதிலுக்குக் காத்திருப்பதாகக் குறித்தால் கடிகாரம் நிற்கும். இந்த விதியை யார் எப்போது பயன்படுத்துவார்கள் என்பதை அத்தொழிலில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எல்லா எண்களும் பச்சையாக இருக்க, வாடிக்கையாளர் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கும் மாத அறிக்கைக்குத் துறையில் தர்பூசணி என்று பெயர். வெளியே பச்சை, உள்ளே சிவப்பு.

நெட்வொர்க்கை அளக்கும் கருவிகள் தனி வழியில் வந்தன. மைக் மூஸ் 1983 டிசம்பரில் எழுதிய ‘பிங்’ ஒரு கணினி பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்த்தது. 1988இல் வந்த எஸ்என்எம்பி நெறிமுறை, வெவ்வேறு கம்பெனிகளின் கருவிகளிடம் ஒரே மொழியில் கேள்வி கேட்க உதவியது. இங்கிலாந்தின் லெஸ்டரில் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த டோபியாஸ் ஓட்டிக்கர், அங்கிருந்த 64 கிலோபிட் இணைய இணைப்பு எப்படி நிறைகிறது என்று காட்ட 1995இல் எம்ஆர்டிஜி என்ற சிறு நிரலை எழுதினார். 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டு வரைபடம் போடும் அந்த நிரல் உலகமெங்கும் பரவியது. அதன் சிக்கனமும் குறையும் ஒன்றே. பழைய எண்கள் சராசரியாகச் சுருங்கிக்கொண்டே போகும். நேற்றைய 40 நொடி முடக்கம் ஓர் ஆண்டு கழித்து வரைபடத்தில் ஒரு சிறு மேடாகக்கூடத் தெரியாது. நிர்வாகத்துக்கு இது போதும், வழக்காடுவதற்குப் போதாது.

ஒப்பந்தத்தையே கணினி படிக்கும்படி எழுத வேண்டும் என்ற எண்ணம் 2000த்தை ஒட்டி வலுப்பெற்றது. ஒரு நிறுவனத்தின் மென்பொருள் இன்னொரு நிறுவனத்தின் மென்பொருளை இணையம் வழியே அழைக்கும் வலைச்சேவைகள் அப்போது பெரிய எதிர்பார்ப்பு. மனிதர் தலையிடாமல் சேவையைத் தேடி, பேரம் பேசி, ஒப்பந்தம் செய்து, கண்காணிக்கலாம் என்று நம்பினார்கள். ஐபிஎம் ஆய்வகத்தின் அலெக்சாண்டர் கெல்லரும் ஹைக்கோ லுட்விக்கும் உருவாக்கிய டபிள்யூஎஸ்எல்ஏ மொழி, 2003இல் வெளியான அவர்களின் கட்டுரையால் பரவலாக அறியப்பட்டது. எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு மொழியில் எழுதும் அந்த ஆவணத்துக்கு மூன்று பகுதிகள். யார் யார் என்பது முதல் பகுதி. எதை எப்படி அளப்பது என்பது இரண்டாவது. எந்த எல்லை தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்பது மூன்றாவது.

இரண்டாவது பகுதிதான் அதன் உயிர். ‘சராசரிப் பதில் நேரம்’ என்று எழுதிவிட்டு நகர அந்த மொழி விடாது. எந்தக் கருவியிடம் எந்த முகவரியில் மூல எண்ணைக் கேட்பது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பது, அந்த எண்களை எந்தக் கணக்கால் கூட்டிச் சுருக்குவது என்று அடிவரை எழுத வேண்டும். கையெழுத்திடும் இரு தரப்பைத் தவிர, அளப்பதையோ மீறலைச் சோதிப்பதையோ மட்டும் ஏற்கும் துணைத் தரப்புகளுக்கும் அதில் இடம் இருந்தது. பூட்டிய கடிகாரத்தோடு உட்கார்ந்த கார்டு எக்ஸ்எம்எல்லில் மறுபிறவி எடுத்தார் எனலாம்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் வொல்ஃப்கேங் எம்மரிக்கின் குழு எஸ்எல்ஏங் என்ற மொழியை வகுத்தது. அதில் பணிபுரிந்த ஜேம்ஸ் ஸ்கீனும் கூட்டாளிகளும் கேட்ட கேள்வி மொழியைவிட நீடித்து நிற்கும் தகுதி உடையது: ஒரு நிபந்தனையை யாரால் கண்காணிக்க முடியும்? சர்வருக்குள் கோரிக்கை வந்த நேரம் வழங்குபவருக்கு மட்டும் தெரியும். பயனரின் திரையில் பதில் தெரிந்த நேரம் வாடிக்கையாளருக்கு மட்டும் தெரியும். ஒருவர் மட்டுமே பார்க்கக்கூடிய நிகழ்ச்சியின் மேல் அபராதம் வைத்தால், அந்த நிபந்தனை மற்றவரின் நாணயத்தை நம்பியே நிற்கும். ஆகவே நிபந்தனைகளை, யாராலும் சரிபார்க்க முடியாதவை, இரு தரப்பும் பார்க்கக்கூடியவை, நம்பகமான மூன்றாமவர் தீர்க்கக்கூடியவை என்று அவர்கள் பிரித்தார்கள். எவ்வளவு நுட்பமான மென்பொருளானாலும் முதல் வகையை இரண்டாவது வகையாக மாற்ற இயலாது.

2007இல் ஓப்பன் கிரிட் ஃபோரம் வெளியிட்ட டபிள்யூஎஸ்-அக்ரீமென்ட் எதிர்த்திசையில் போனது. மாதிரிப்படிவம், முன்மொழிவு, ஏற்பு என்ற பேரத்தின் சடங்குகளை அது துல்லியமாக வகுத்தது. நிபந்தனைக்குள் என்ன எழுதுவது என்பதை அந்தந்தத் துறைக்கு விட்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியப் பணத்தில் 2008 முதல் 2011 வரை நடந்த எஸ்எல்ஏ அட் எஸ்ஓஐ என்ற பெருந்திட்டம், அடுக்குகளின் சிக்கலை எடுத்துக்கொண்டது. ஒரு வலைத்தளம் மென்பொருளின் மேலும், மென்பொருள் சர்வரின் மேலும், சர்வர் நெட்வொர்க்கின் மேலும் நிற்கிறது. ஒவ்வொன்றும் 99.9 சதவீதம் இயங்கும், ஒன்று விழுந்தால் எல்லாம் விழும் என்றால், இப்படிப்பட்ட 10 பாகங்களைக் கோத்த சேவை 99 சதவீதம்தான் இயங்கும். 30 நாள் மாதத்தில் ஒரு பாகத்துக்கு அனுமதித்த முடக்கம் 43 நிமிடம். கோத்த சேவைக்கு அது 7 மணி நேரத்தைத் தாண்டுகிறது. மேலடுக்கின் வாக்குறுதியைக் கீழடுக்குகளின் வாக்குறுதிகளாகப் பிரித்துத் தருவதைத் தானியங்கியாக்க அத்திட்டம் முயன்றது.

இம்மொழிகள் எதுவும் சந்தையில் வேரூன்றவில்லை. அவை பேரத்துக்காக எழுதப்பட்டவை; மேகக் கணிமையில் பேரமே இல்லாமல் போயிற்று. அமேசான் தன் எஸ்3 சேமிப்புச் சேவையை 2006இல் தொடங்கி, 2007 அக்டோபரில் மாதத்துக்கு 99.9 சதவீதம் என்ற உறுதியைக் கொடுத்தது. 2008 அக்டோபரில் இசி2 கணினிச் சேவைக்கு ஆண்டுக்கு 99.95 சதவீதம் என்றது. எல்லோருக்கும் ஒரே படிவம், திருத்தம் கிடையாது, சில பக்க உரைநடை. கணினி படிக்க வேண்டிய தேவை அங்கே யாருக்கும் இல்லை.

அந்த உரைநடையின் அருமை 2011 ஏப்ரல் 21 அன்று விளங்கியது. அமேசானின் கிழக்கு அமெரிக்க மையத்தில் இபிஎஸ் என்ற வட்டுச் சேவை சிக்கி, பிரபலமான பல வலைத்தளங்கள் நாள்கணக்கில் முடங்கின. ஆனால் இசி2 ஒப்பந்தம் ‘கிடைக்கவில்லை’ என்பதை வெளித்தொடர்பு அற்றுப்போவதாக வரையறுத்திருந்தது. இபிஎஸ் அந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே இல்லை. தளங்கள் விழுந்தும் எழுத்துப்படி ஒப்பந்தம் மீறப்படவில்லை. அமேசான் தானாக முன்வந்து, பாதிப்படைந்தவர்களுக்கு 10 நாள் பயன்பாட்டுக் கழிவு கொடுத்தது. 2017 பிப்ரவரி 28 அன்று தவறாக உள்ளிட்ட ஒரு கட்டளையால் எஸ்3 விழுந்தபோது இன்னொரு விநோதம் நடந்தது. சேவைகளின் நிலையைக் காட்டும் அமேசானின் பலகையை மாற்றும் நிர்வாகக் கருவியே எஸ்3ஐ நம்பி இருந்தது. அதனால் சில மணி நேரம் அந்தப் பலகையில் தனித்தனிச் சேவைகளின் நிலையை மாற்ற முடியவில்லை. அளப்பவர் தனியாக இருக்க வேண்டும் என்ற 1784ஆம் ஆண்டுப் பாடம் இங்கே மறந்துபோயிருந்தது.

எதை மீறலாக எண்ணுவது என்ற கேள்வி இந்தியாவில் நீதிமன்றம் வரை போனது. பேசும்போதே துண்டிக்கப்படும் ஒவ்வொரு கைப்பேசி அழைப்புக்கும் 1 ரூபாய், நாளொன்றுக்கு 3 அழைப்பு வரை, வாடிக்கையாளர் கணக்கில் வரவு வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015 அக்டோபரில் விதித்தது. 2016 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வர வேண்டிய விதி. கணக்கு வைப்பது எளிது. அழைப்பு அறுந்ததை நெட்வொர்க் தானே பதிகிறது. ஆனால் 2016 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதியை ரத்துசெய்தது. டிராயின் சொந்தத் தரவிதியே 2 சதவீதம் வரை துண்டிப்பை அனுமதித்தது. அந்த எல்லைக்குள் நிற்கும் நிறுவனமும் பணம் கட்ட நேரும். துண்டிப்புக்கு வாடிக்கையாளர் பக்கத்துக் காரணங்களும் இருக்கலாம் என்றிருக்க, எல்லாவற்றையும் நிறுவனத்தின் தலையில் கட்டுவது நியாயமற்றது என்று நீதிமன்றம் கருதியது. எண்ணிக்கை துல்லியமாக இருந்தும் காரணம் பிரிக்கப்படாததால் விதி நிற்கவில்லை.

தானியங்கிக் கண்காணிப்பு உண்மையில் செழித்தது நிறுவனங்களின் உள்ளே. கூகுளில் 2003இல் பென் ட்ரெய்னர் தொடங்கிய தள நம்பகப் பொறியியல் குழு, வெளியாருக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தையும் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் இலக்கையும் பிரித்தது. இலக்கு 99.9 சதவீதம் என்றால் மீதி 0.1 சதவீதம் செலவழிக்கத்தக்க பிழைக் கணக்கு. அது தீரும்வரை புதிய மாற்றங்களை வெளியிடலாம், தீர்ந்தால் நிறுத்த வேண்டும். 2016இல் அவர்கள் வெளியிட்ட நூலில் ஒரு சுவையான செய்தி உண்டு. சப்பி என்ற உள்சேவை மிக நன்றாக ஓடியதால், அது ஒருபோதும் நிற்காது என்று மற்றக் குழுக்கள் நம்பத் தொடங்கின. ஆகவே இலக்கைவிட அதிகமாக இயங்கிய காலாண்டுகளில் அதை வேண்டுமென்றே நிறுத்தி, தவறான நம்பிக்கையை உடைத்தார்கள்.

கண்காணிப்பின் கணக்கும் நுணுக்கமானது. முன்பு எல்லை தாண்டியதும் மணி அடிக்கும். இப்போது பிழைக் கணக்கு எந்த வேகத்தில் கரைகிறது என்று பார்க்கிறார்கள்: 30 நாள் கணக்கில் 2 சதவீதம் ஒரே மணி நேரத்தில் போனால், அது வழக்கமான வேகத்தைப்போல 14.4 மடங்கு, உடனே ஆளை எழுப்ப வேண்டும். சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் 2012இல் தொடங்கிய பிராமிதியஸ் போன்ற இலவச மென்பொருள்கள் இதைச் சிறு நிறுவனங்களுக்கும் எட்டச் செய்தன. 2021இல் வந்த ஓப்பன்எஸ்எல்ஓ, இலக்கையும் அளவையையும் எச்சரிக்கையையும் எந்தக் கருவியும் படிக்கும் பொது வடிவில் எழுத வழிசெய்தது. டபிள்யூஎஸ்எல்ஏ விட்டுப்போன இழையை அது எளிய வடிவில் எடுத்துக்கொண்டது. ஆனால் அதில் எழுதப்படுவது சேவை தருபவர் தனக்கே வைத்துக்கொள்ளும் இலக்கு. வெளியே கையெழுத்தாகும் ஒப்பந்தம் இன்னும் உரைநடையில்தான் இருக்கிறது. அமேசானின் இசி2 ஒப்பந்தப்படி கழிவு வேண்டுபவர், முடங்கிய நேரங்களையும் அதற்குச் சான்றான தம் பதிவுகளையும் இணைத்து, அடுத்த இரண்டாவது கட்டணச் சுற்று முடிவதற்குள் தாமே விண்ணப்பிக்க வேண்டும்.